எந்த வலிக்கு எந்த மருந்து? தாம்பரத்திலிருந்து சில எண்ணங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



இதுபோன்ற மேடைகளுக்கு இலக்கியம் படித்தவர்களையும் வரலாறு எழுதுபவர்களையும் அழைப்பதுதான் வழக்கம். மருந்தியல் வாத்தியார் ஒருவரை அழைத்துவிட்டு, தலைப்பையும் நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வலி என்றேன். அதற்குக் காரணம் இந்த ஊர். சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தொலைவில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதன் அருகிலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஜி.எஸ்.டி. சாலையில் மெப்ஸ் என்று நாம் சொல்லும் ஏற்றுமதி வளாகம். சாலை நெடுக மெடிக்கல் ஷாப்புகள். வலியைப் பற்றி ஒரு மருந்தியல் மாணவன் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம்மிடம் வலிக்கு மருந்து தேர்வாகும் முறை தலைகீழாக இருக்கிறது. இது எந்த வகை வலி என்று கேட்டு அதற்கேற்ற மருந்தைத் தருவதில்லை. எது கைக்கு எட்டுகிறதோ அதை எல்லா வலிக்கும் தருகிறோம். அதனால் தேவைப்படாதவருக்கு மருந்து மிஞ்சிப்போகிறது, துடிப்பவருக்கு இல்லாமல் போகிறது. இதை ஐந்து செய்திகளாகப் பிரித்துச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1

ஷிப்ட் முடியும் நேரத்தில் ஏதாவதொரு மெடிக்கல் ஷாப் வாசலில் சற்று நின்று பாருங்கள். "அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்பார் ஒரு பெண். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "சாப்பிட்டாச்சாம்மா?" பிறகு அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய இரண்டு மாத்திரை, வயிற்றுக்கு என்று இன்னொன்று, எல்லாம் ஒரு சிறு காகித உறையில். உறையின் மேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி அட்டையின் மறுகோடியில் கடையிலேயே தங்கிவிடும்.

அந்த ஒரு கேள்வியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அது அறிவியல்படி சரியான கேள்வி. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடலில் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இதை 1971-இல் கண்டறிந்த ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே புரோஸ்டகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. ஆகவே வலி குறைவதும் வயிறு புண்ணாவதும் ஒரே வேலையின் இரண்டு விளைவுகள். வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், ரத்த அழுத்த மாத்திரையும் போட்டுக்கொண்டு, இதையும் மாதக்கணக்கில் விழுங்குபவரின் சிறுநீரகம் என்ன பாடுபடும்? சாப்பிட்டாச்சா என்று கேட்டவர், எத்தனை நாளாக என்றும் கேட்டிருக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. அந்த உறையில் பல சமயம் இருப்பது மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. மூன்றாவதாகச் சேரும் செரேஷியோபெப்டிடேஸ் வீக்கத்தைக் குறைக்கும் என்பது நம்பிக்கை. அதை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமே, மறு ஆய்வில் பயன் தெரியவில்லை என்று 2011-இல் தன் நாட்டுச் சந்தையிலிருந்து அதை விலக்கிக்கொண்டது. நம் ஊரில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலி ஆகியவற்றுக்கு இந்த வகை மாத்திரை நல்ல மருந்து. ஓரிரு நாளைக்கு. சிக்கல், வலியின் காரணமோ மாத்திரை தரும் நோக்கமோ உடலுக்கு வெளியே இருக்கும்போதுதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு மாதவிடாய் வலிக்கென்று பெயரில்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்துவந்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அவர்கள் சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாத்திரை தரப்பட்டது எந்திரம் நிற்காமல் இருப்பதற்காக. அந்தப் பெண்ணின் நிம்மதி அதில் இரண்டாம்பட்சம்.

இதற்கு நேர்மாறான செய்தி 2021-இல் நம் சட்டமன்றத்திலிருந்து வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணின் கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் ஒரு ஸ்டூல் செய்வதை டைக்ளோஃபெனாக் செய்யாது. மருந்தியல் வாத்தியார் வாயால் இதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, ஆனாலும் அந்த ஸ்டூலை நான் வலி நிவாரணிப் பட்டியலில் முதலில் வைப்பேன்.

2

அடுத்து, நரம்பு வலி. இதைச் சொல்ல அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றிருக்கிறார். 1937-இல் தாம்பரம் சானடோரியம் அரசிடம் வந்தது. 1993-இல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி இங்கே வந்தார்கள். 2004 ஏப்ரல் 1-இல் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. கூட்டுமருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அந்தக் கூட்டுமருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, கூடவே பலருக்குக் கால் நரம்புகளைப் பாதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. காசநோய்க்கான ஐசோனியாசிட்டும் நரம்பைப் பாதிக்கும். பி6 வைட்டமினைச் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். நெருப்பில் நிற்கிற மாதிரி பாதம் எரியுது, மதமதன்னு இருக்கு, ஊசி ஊசியா குத்துது, போர்வை பட்டாலே தாங்கலை என்று நோயாளிகள் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகளும் இதையேதான் சொல்கிறார்கள். இப்படி ஒருவர் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. அடிபட்ட இடம் என்று எதுவும் இல்லை. செய்தி கொண்டுபோகும் நரம்பே கெட்டுப்போயிருக்கிறது. பாராசிட்டமாலுக்கோ டைக்ளோஃபெனாக்குக்கோ இங்கே வேலையில்லை.

இங்கேதான் வழக்கத்துக்கு மாறான வலி மருந்துகள் வருகின்றன. மனச்சோர்வுக்காக வந்த அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின். வலிப்பு நோய்க்காக வந்த கபாபென்டின். அதன் உறவுக்கார மருந்தான பிரிகாபலின். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், வீட்டில் யாராவது செல்போனில் தேடிப் பார்த்து, "அப்பா, இது மனநோய் மாத்திரைப்பா" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஏன் தருகிறோம் என்று மருத்துவர் அரை நிமிடம் சொல்லியிருந்தால் அந்த மாத்திரை குப்பைக்குப் போயிருக்காது.

இந்த மருந்துகளும் எல்லா நரம்பு வலிக்கும் பொது அல்ல. நீரிழிவு நரம்பு வலியிலும், அக்கி ஆறிய பிறகு வரும் வலியிலும் உதவும் அமிட்ரிப்டிலின், எச்.ஐ.வி. நரம்பு வலியில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை என்று 1998-இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. எரிச்சல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து ஒன்றாக இருப்பதில்லை. நம் வீட்டு மிளகாயில் இருக்கும் கேப்சைசினை 8 சதவீதச் செறிவில் ஒட்டுப்பட்டையாக்கி அக்கி வலிக்குப் பயன்படுத்த 2009-இல் அமெரிக்கா அனுமதித்தது. மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 ஏற்பியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் தொடர்ந்து தாக்கும்போது அந்த நரம்பு முனைகள் வெகுநாளைக்கு மரத்துப்போகின்றன. ஒட்டுப்பட்டை வேலை செய்வது அப்படித்தான். வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

3

அமிட்ரிப்டிலின் தோற்றுப்போன அந்த எச்.ஐ.வி. ஆய்வுகளில் ஒன்று, அக்குபங்சரையும் அதே நோயாளிகளிடம் சோதித்தது. அதுவும் தோற்றது. எனக்கு அந்த ஆய்வு பிடிக்கும். இரண்டு மருத்துவ முறைகளையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள்.

சித்த மருத்துவத்துக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும். அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 2005 செப்டம்பர் 3-இல் திறந்துவைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரும் சித்த மருத்துவர் என்பதை இளைஞர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். மூட்டு வலி, கழுத்து வலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய இறுக்கம் என்று வருகிறவர்களுக்குத் தைலமும் ஒற்றடமும் வர்மமும் செய்கிறார்கள். வயதானவரின் முழங்காலுக்குத் தினமும் மாத்திரை தருவதைவிட, வெளிப்பூச்சும் தேய்ப்பும் உடற்பயிற்சியும் முதலில் என்றால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். அலோபதி வழிகாட்டல்களும் முழங்கால் தேய்மானத்துக்கு வலி நிவாரணிப் பூச்சை முன்வரிசையில் வைக்கின்றன.

எனக்கு ஒப்பாதது வேறு. ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை அளித்து அந்த நிறுவனம் கின்னஸ் சாதனை படைத்தது. அந்த 567 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வர்மமும் மற்றதற்கு வேறொரு தேய்ப்பும் தந்து, மூன்று மாதம் கழித்து வலியை அளந்து வெளியிட்டிருந்தால் வர்மத்துக்கு அது எவ்வளவு பெரிய தொண்டாக இருந்திருக்கும்! சித்த மருத்துவத்தை மதிக்கிறவர்கள் அதற்குச் சலுகை கேட்கக்கூடாது, சோதனை கேட்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் பெயரால் விற்பதெல்லாம் சித்த மருத்துவமும் இல்லை. பேருந்து நிலையத்தில் லேபிள் இல்லாமல் விற்கும் மூட்டுவலிப் பொடி மூன்றே நாளில் மாயம் செய்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சில மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சடாரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

4

இப்போது மார்பினுக்கு வருகிறேன். இந்த உரைக்கு நான் ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒருவரின் வலியை நினைத்துப் பாருங்கள். கடை மாத்திரை அவருக்கு எட்டாது. அவருக்கு உரியது வாய்வழி மார்பின். 1977-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்பின் இருந்தது. 1986-இல் அதே நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த மூன்று படி ஏணியின் உச்சிப் படியும் அதுதான். காப்புரிமை எதுவும் இல்லாத பழைய மருந்து. 10 மில்லிகிராம் மாத்திரையின் விலை சில ரூபாய்தான். மூலப்பொருளான அபினியைச் சட்டப்படி விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற உழவர்கள் பயிரிடுகிறார்கள். நீமுச், காசிப்பூர் அரசு ஆலைகள் பதப்படுத்துகின்றன. அபினிச் செடியின் விதைதான் நாம் குருமாவில் அரைத்துப் போடும் கசகசா. அம்மா கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்ததால் வளைகுடா விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டவர்களின் கதை உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு இருந்தும் நம் நோயாளிக்கு மார்பின் ஏன் கிடைக்கவில்லை? 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் முக்கியக் காரணம். சிறு தவறுக்கும் பத்து ஆண்டு சிறை என்ற அச்சம். ஒரு மருத்துவமனை மார்பின் வாங்க நான்கைந்து உரிமங்கள், அவற்றை ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் கைகழுவினார், மருத்துவமனை கைகழுவியது, மருத்துவக் கல்லூரி பாடத்திலும் அது மங்கியது. 1985-இல் 500 கிலோவுக்கு மேல் இருந்த நாட்டின் மார்பின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சரிந்தது. சுமார் 97 சதவீத வீழ்ச்சி. பின்னாளில், 2017-இல், லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டபோது இந்தியாவின் வலி நிவாரணத் தேவையில் 4 சதவீதமே நிறைவேறுவதாகத் தெரிந்தது.

மாற்றம் கேரளத்திலிருந்து தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மார்பினை நோயாளியின் வீட்டிலேயே பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். ராஜகோபாலும் நண்பர்களும் விடாமல் போராடியதன் பயனாக 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய மருந்துகள் ஆயின. இப்போது ஒரு மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும். சட்டத்தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. பழக்கத்தடை நீங்கவில்லை.

அந்தத் தடையின் பெயர் அச்சம். "மார்பினா? அப்போ கடைசிக் கட்டமா டாக்டர்?" என்கிறார் மகன். "அடிமையாயிட்டா?" என்கிறார் அத்தை. உயிர் போகப்போகிறது என்று மார்பின் தருவதில்லை. வலிக்கிறது என்று தருகிறோம். சிறிய அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்பும் முன்பே கடிகாரம் பார்த்துத் தரவேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்க்க வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும். வலியில்லாமல் ஓர் இரவு தூங்கி எழுந்தவர் காலையில் காபி கேட்பார். அதைப் பார்த்த குடும்பம் அதன்பின் அடிமைத்தனம் பற்றிப் பேசாது.

அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போதைக்காக வலி மாத்திரை விற்ற இளைஞர்கள் கைது என்ற செய்தி நம் புறநகரிலிருந்தும் வருகிறது. அதில் அடிபடுவது பெரும்பாலும் டேபென்டடால். 2018-இல் டிராமடால் என்னும் வலி மருந்தைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் இத்தகைய காரணத்துக்காகத்தான். அமெரிக்கா பட்ட பாடும் தெரிந்ததே. 1996-இல் வந்த ஆக்சிகோடோன் மாத்திரையான ஆக்சிகான்டினை முதுகு வலிக்கெல்லாம் வாரி இறைத்தார்கள். ஆனால் 2023-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, திடீர் முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் ஓபியாய்டு, அதாவது மார்பின் வகை மருந்து, போலி மாத்திரையைவிட எந்த வகையிலும் மேலில்லை என்று காட்டியது. அங்கே பிழை, பொருந்தாத வலிக்குக் கொடுத்தது. இங்கே பிழை, பொருந்துகிற வலிக்கு மறுப்பது. தெருமுனையில் மாத்திரை விற்பவனைப் பிடியுங்கள். அவன் பெயரைச் சொல்லிப் புற்றுநோய் வார்டின் மருந்து அலமாரியைப் பூட்டாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம், பாராட்டுகிறேன். அந்தச் செவிலியரை அனுப்பும் மருத்துவமனை மார்பின் அங்கீகாரம் பெற்றதா, அவர் பையில் அது இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கேட்கவேண்டும்.

5

கடைசிச் செய்தி சிறியது. சூசெட்ரிஜின் என்ற புது வலி மருந்துக்கு 2025 ஜனவரி 30-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஓபியாய்டு அல்ல; மூளைக்குப் போவதற்கு முன்பே, வலி நரம்பின் சோடியம் வாயிலில் செய்தியை நிறுத்துகிறது. இந்தத் தேடலுக்கு ஊக்கம் தந்தவர்களில் பாகிஸ்தானின் வடபகுதிச் சிறுவன் ஒருவனும் உண்டு. தெருவில் கங்கின் மேல் நடந்து வித்தை காட்டியவன், வலியே அறியாதவன். சோடியம் வாயில்களின் அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றின் மரபணுக் குறையே காரணம் என்று 2006-இல் கண்டார்கள். அவன் தன் 14-வது பிறந்தநாளுக்கு முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். 2025-இல் அறிமுகமானபோது புது மருந்தின் அறிவிப்பு விலை மாத்திரைக்கு 15.50 டாலராக இருந்தது. வரட்டும், நல்லது. அது தாம்பரத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மருந்துகளையே இவ்வளவு நேரம் சொன்னேன்.

இங்கே மருந்துக்கடை நடத்துபவர்கள் இருந்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை நாளாக, எரிகிறதா வலிக்கிறதா. மருந்தின் பெயரும் தேதியும் உறையில் இருக்கட்டும். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ புற்றுநோயால் வலியில் துடிப்பவர் இருந்தால், அவரைப் பார்க்கும் மருத்துவமனைக்குப் போய், வாய்வழி மார்பின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தீர்களா, எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.